டயர் போனா போகட்டும் தம்பி, வண்டியை உருட்டு

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 26 வயசு, ஊரு பண்பொழி. தென்காசியில ஒரு பார்சல் காண்ட்ராக்டர்கிட்ட குட்டியானை ஓட்டுதேன். காலையில லோடு ஏத்தி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு கடை கடையா எறக்கிட்டு சாயங்காலம் திரும்புவேன். போன வாரம் திரும்பி வரும்போது புளியரை எஸ் வளைவுல பின்னாடி வலது டயர் பஞ்சர். மணி ஆறரை இருக்கும், சாரல் வேற. அங்கனயே ஓரமா நிறுத்தி, பத்தடி தள்ளி ஒரு மரக் கொப்பை ஒடிச்சுப் போட்டுட்டு ஜாக்கி வச்சேன். நட்டு கழட்டிட்டு இருக்கும்போது ஒரு டாரஸ் லாரி உரசுன மாதிரி போச்சு, முதுகுல சட்டையே காத்துல தூக்கிருச்சு, ஸ்பேனர் கையிலருந்து விழுந்துருச்சு. அன்னையிலருந்து அந்த வளைவு வந்தாலே கை நடுங்குது. கீழ அகலமான இடம் வரைக்கும் உருட்டிருக்கலாம்தான், ஆனா டயர் மாட்டுற இரும்பு டிஸ்க் வளைஞ்சா சம்பளத்துல பிடிப்பேன்னு ஓனர் முன்னாடியே சொல்லிருக்காரு. நான் செஞ்சது தப்பா? வீட்டுல இன்னும் சொல்லல.

பதில்:

தம்பி, உரிமையோட நீன்னே கூப்பிடுதேன், கோவிச்சுக்காத. உன் கேள்வியை மூணு தடவை படிச்சேன், அந்த ஸ்பேனர் விழுந்த எடத்துல ஒவ்வொரு தடவையும் நின்னுட்டேன். நீ உயிரோட இருந்து இதை எழுதியிருக்க, அதுக்கு முதல்ல அந்த கோட்டவாசல் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன்.

நேரா சொல்லிருதேன், நீ நிறுத்துன எடம் தப்பு. டயர் மாத்துனது தப்பில்ல, கொப்பு போட்டது தப்பில்ல, எடம்தான் தப்பு. ஆனா அந்த எடத்துல உன்னை முட்டி போட வச்சது உன் புத்தி இல்ல, டிஸ்க்குக்கு காசு பிடிப்பாங்கங்கிற பயம். நான் 24 வருசமா செங்கோட்டையில பட்டறை வச்சிருக்கேன், மலைப்பாதையில நின்னுபோன வண்டியைப் பாக்க நேரங்காலம் இல்லாம போனவன், கொஞ்ச வருசமா பார்சல் வண்டி, பால் வண்டி, முட்டை வண்டி ஓட்டுற பசங்களுக்கு ரோட்டோரத்துல எப்படி நிக்கணும்னு கிளாஸும் எடுக்குதேன். இத்தனை வருசத்துல ரோட்டு மேல ஆபத்தான எடத்துல உக்காந்து டயர் மாத்துன பசங்களைக் கேட்டா முக்காவாசி பேர் சொல்லுத காரணம் இதுதான், டயர் போயிரும், டிஸ்க் போயிரும், ஓனர் திட்டுவாரு, டெலிவரி லேட்டாயிரும். ஒருத்தன்கூட அண்ணாச்சி எனக்கு அந்த எடம் ஆபத்துன்னு தெரியலன்னு சொன்னதில்ல. எல்லாருக்கும் தெரியுது. தெரிஞ்சேதான் உக்காருதான்.

அதனால முதல்ல மனசுல ஒண்ணை முடிவு பண்ணிக்கோ, வண்டி எடுக்கும்போதே முடிவு பண்ணிரணும், பஞ்சர் ஆனபிறகு யோசிச்சா பயம்தான் ஜெயிக்கும். காத்து எறங்கிருச்சுன்னா டயரை மறந்துரு. அந்த டயர் செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கோ. அபாய லைட்டைப் போடு, ஒண்ணாம் கியர்ல ஆளு நடக்குற வேகத்துல உருட்டு, சடக்குன்னு பிரேக் அடிக்காத, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடி. பின் டயருன்னா வண்டி பின்பக்கம் ஆடும், முன் டயருன்னா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும், ரெண்டுமே அந்த வேகத்துல சமாளிக்கக்கூடியதுதான். ரப்பர் கருகுன வாசனை வரும், பட்டு பட்டுனு சத்தம் வரும், டிஸ்க் தார்ல உரசுற சத்தமும் வரலாம். வரட்டும். ரோடு நேரா இருக்கிற எடம், அகலம் இருக்கிற எடம், கடையோ வீடோ வெளிச்சமோ இருக்கிற எடம் கிடைக்குற வரைக்கும் உருட்டு. ஒரு டயரும் ஒரு டிஸ்க்கும் கடையில கிடைக்கும்.

உன் வளைவுக்கு வாரேன். அன்னைக்கு அங்கன என்ன நடந்துச்சுன்னு நீ முதுகைக் காட்டி உக்காந்திருந்ததால உனக்குத் தெரியாது, நான் சொல்லுதேன். இந்தக் கொல்லம் - திருமங்கலம் 744ஆம் நம்பர் ரோட்டுல நம்ம பக்கத்துலருந்து கல்லு, எம்-சாண்ட் ஏத்திட்டு மேல போற டாரஸ் எல்லாம் கேரளாவுல கொட்டிட்டு காலியா எறங்கும். காலி வண்டின்னா லேசா நின்னுரும்னு நாம நினைக்கோம், ஈர ரோட்டுல அது அப்படி இல்ல. பின்னாடி பாரம் இல்லாததால பிரேக்கை அழுத்தி மிதிச்சா பின் வீல் சீக்கிரமா பூட்டிக்கிட்டு வழுக்கும், வண்டி குறுக்க திரும்பும். டிரைவருக்கு அது தெரியும், அதனால உன்னைப் பாத்தாலும் அவன் முழுசா பிரேக் அடிக்க மாட்டான், ஒதுங்கிப் போகத்தான் பாப்பான், எதுக்க ஒரு வண்டி வந்துருச்சுன்னா ஒதுங்கவும் எடம் கிடையாது. அப்ப மிச்சம் இருக்கிறது நீ உக்காந்திருந்த எடம்தான்.

இன்னொண்ணு வெளிச்சம். நாம மலைக்கு கிழக்குப் பக்கம் இருக்கோம். சூரியன் மலைக்குப் பின்னாடி போயிருதுல்ல, தென்காசியில இன்னும் வெளிச்சமா இருக்கும்போதே புளியரை ஏத்தத்துல மசமசன்னு ஆயிரும். அந்த அரை இருட்டுதான் ராத்திரியைவிட மோசம், லைட் போட்டாலும் தெளிவா தெரியாது, போடாமலும் தெரியாது. அதுல சாரல் வேற, வைப்பர் ஓடிட்டிருக்கும், கண்ணாடியில தண்ணி. ஆனி, ஆடியில சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அந்த எறக்கத்துல உன்னை நீயே இருட்டுல நிக்குறவனா கணக்கு வச்சுக்கோ.

இப்ப அந்தக் கொப்பு. பத்தடி தள்ளிப் போட்டேன்னு எழுதியிருக்க. பத்து எட்டு எடுத்து வச்சிருந்தாலும்கூட ஏழு எட்டு மீட்டருக்கு மேல வராது. அம்பது கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிரும். அப்ப உன் கொப்பு அந்த டிரைவருக்குக் கொடுத்த நேரம் மிஞ்சிப்போனா அரை செகண்டு. ஒரு மனுசன் கண்ணால பாத்து, புத்தியில ஏறி, கால் பிரேக்குக்கு போறதுக்கே ஒரு செகண்டுக்கு மேல ஆயிரும், அதுக்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். அதனால நேர் ரோட்டுல நூறு எட்டு எண்ணி நட, அங்கன கொண்டுபோயி வை, அது ஒரு 70 மீட்டர் வரும். வளைவுன்னா எட்டு கணக்கு எல்லாம் வேண்டாம், வளைவுக்கு முன்னாடி கொண்டுபோயி வை, அதாவது வர்றவன் வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அது கண்ணுல படணும். வளைவுக்குள்ள வண்டிக்கு பக்கத்துல வச்சா வண்டியையும் அதையும் ஒண்ணாத்தான் பாப்பான், வச்சும் வைக்காதது மாதிரிதான்.

கொப்பு நம்ம ஊர் பழக்கம், டிரைவர்மாருக்கு புரியும், மறுக்கல, ஆனா பச்சை இலை இருட்டுல கறுப்பாத்தான் தெரியும். சீட்டுக்குப் பின்னாடி பாரு, வண்டியோட வந்த செவப்பு முக்கோணம் பிளாஸ்டிக் உறையோட கெடக்கும், இல்லன்னா ஒண்ணு வாங்கு, அது லைட் பட்டா தூரத்துலயே பளிச்சுனு அடிக்கும். வைக்கப் போகும்போது ரோட்டு மேல நடக்காத, ஓரமா மண்ணுல நட, வண்டி வர்ற தெசையைப் பாத்துக்கிட்டே நட, முக்கோணத்தை உன் நெஞ்சுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டே போ, அப்ப நீயே ஒரு எச்சரிக்கை போர்டு.

கல்லு விஷயம் ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப மனசுல கெடக்குற விஷயம். வீல் உருளாம அண்டை கொடுக்க கல்லு வைப்போம், பின்னாடி அடையாளத்துக்கும் நாலு கல்லு வைப்போம், வேலை முடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டுப் போயிருவோம், கல்லு அங்கனயே நடு ரோட்டுல கெடக்கும். அந்தக் கல்லுல ராத்திரி பைக்குல வர்றவன் விழுவான். நாம உயிர் தப்பிச்சுப் போனதுக்கு இன்னொருத்தன் விலை கொடுக்கிறான். கல்லு வச்சா எடுத்து ஓரத்துல போட்டுட்டுதான் ஸ்டியரிங்ல உக்காரணும், இதுல சாக்கே கிடையாது. மரக்கட்டையில முக்கோணமா ரெண்டு அண்டைக்கட்டை செஞ்சு வச்சுக்கோ, ஆசாரிகிட்ட சொன்னா செஞ்சு கொடுத்துருவாரு, கயிறு கட்டி வச்சுக்கோ, மறக்காம கூடவே வரும்.

அண்டைக்கட்டை ஏன் அவ்வளவு முக்கியம்னா, குட்டியானை பின் வீல் இழுக்குற வண்டி, கைபிரேக்கும் பின் வீலுக்குத்தான் பிடிக்கும். கியர்ல போட்டு நிறுத்திட்டா அசையாதுன்னு நிறையப்பேர் நம்பிட்டிருக்காங்க. ஒரு பக்க பின் வீலை ஜாக்கியில தூக்கிட்டேன்னு வை, தூக்குன வீல் சும்மா சுத்தும், நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் அப்படித்தான் வேலை செய்யும், தரையில இருக்கிற வீல் உருண்டா காத்துல இருக்கிற வீல் எதிர்ப்பக்கமா சுத்தி விட்டுக் கொடுத்துரும், கியர் பிடிமானம் போச்சு. மிச்சம் கைபிரேக் ஒண்ணுதான், அதுவும் ஒத்தை வீல்ல, கேபிள் எத்தனை நாளா டைட் பண்ணலயோ. எறக்கத்துல வண்டி ஜாக்கியைத் தள்ளிட்டு கீழ எறங்கும். எறக்கம் பாத்து நின்னா முன் வீலுக்கு முன்னாடி கட்டை, ஏத்தம் பாத்து நின்னா பின்னாடி கட்டை, ரெண்டு முன் வீலுக்கும் வச்சிட்டுத்தான் ஜாக்கியைத் தொடணும். நட்டை வீல் தரையில இருக்கும்போதே கால் சுத்து தளர்த்திரு, தூக்குன பிறகு ஸ்பேனரை மிதிச்சா வண்டியே ஆடும். ஸ்டெப்னியை எடுத்ததும் சும்மா ஓரமா சாய்ச்சு வைக்காத, வண்டியோட அடிச்சட்டம் இருக்குல்ல, சேஸிஸ், அதுக்கு அடியில படுக்க வச்சுரு. ஜாக்கி நழுவுனா வண்டி ஸ்டெப்னி மேல உக்காரும், உன் கால் மேல உக்காராது. பழைய வீலைக் கழட்டினதும் அதை அடியில தள்ளிட்டு ஸ்டெப்னியை வெளிய எடு.

எங்கிட்ட வேலை பாத்த ஒரு பையன், அவனுக்கு அப்ப 19 வயசு. கழுதுருட்டி பக்கம் ஒரு வேன் நின்னுபோச்சுன்னு ராத்திரி பத்து மணிக்கு கூப்பிட்டாங்க, நானும் அவனும் ஜீப்புல போனோம். நான் ஜீப்பை அந்த வேனுக்குப் பின்னாடி ஒட்டி நிறுத்தி ஹெட்லைட்டை எரியவிட்டு, வெளிச்சம் நல்லா இருக்குன்னு வேலையை ஆரம்பிச்சிட்டேன். பையன் ரெண்டு வண்டிக்கும் நடுவுல நின்னு டார்ச் பிடிச்சான். நான்தான் அங்கன நில்லுன்னு சொன்னேன். தார்ல ஒரு கை ஊனியிருந்தேன், பெரிய வண்டி வரும்போது தார்ல ஒரு அதிர்வு வரும், காதுல சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே உள்ளங்கையில தெரியும், அன்னைக்கு அது தெரிஞ்சுது, தலையைத் தூக்கி டேய்னு சொல்லி முடிக்கல. பின்னாடி வந்த வண்டி ஜீப்பை இடிச்சுது, ஜீப் முன்னாடி நகர்ந்துது, அவ்வளவுதான், ஒண்ணரை அடி இருக்கும். அவனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழ இல்ல இப்போ. மொபைல் கடை வச்சிருக்கான், கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க, என்னை இன்னும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. நான் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சது அந்த வருசந்தான்.

அதனால ரெண்டு வண்டிக்கு நடுவுல நிக்காத, உன் வண்டிக்கு நேர் பின்னாடி நிக்காத, நேர் முன்னாடியும் நிக்காத, இடிச்சா வண்டி முன்னாடிதான் போகும். காத்திருக்கணும்னா ரோட்டை விட்டு நல்லா எறங்கி, வண்டிக்குப் பின்பக்கமா, அதாவது வண்டிங்க வர்ற பக்கமா கொஞ்ச தூரம் தள்ளி ஓரத்துல நில்லு. மழைன்னு வண்டிக்குள்ள உக்காந்திருக்காத. கூட ஆள் இருந்தா அவங்களையும் இடது பக்கமா எறக்கிக் கூட்டிட்டுப் போ. அச்சு முறிஞ்சு போச்சு, உருட்டவே முடியாதுன்னா ரோட்டுப் பக்கம் உக்காந்து எந்த வேலையும் செய்யாத, முக்கோணத்தை வை, தள்ளி நின்னு போனைப் போடு, அவ்வளவுதான் உன் வேலை.

ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் ஒண்ணு வச்சிருப்ப, இல்லன்னா வாங்கிரு, பெரிய காசில்ல. ஆனா நம்ம பசங்க பண்ணுத ஒரு காரியத்தை தெனமும் பாக்கேன், ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு சாரல் விழுந்ததும் மேல கறுப்பு ரெயின்கோட்டைப் போட்டுக்கிடுதாங்க. உள்ள இருக்கிற பட்டி யாருக்குத் தெரியும்? ரெயின்கோட்டுக்கு மேல ஜாக்கெட் போடணும், அதுக்குத் தகுந்த மாதிரி பெரிய சைஸா வாங்கு. அழுக்கும் கிரீஸும் ஏறுன பட்டி லைட்டுக்கு பளபளக்காது, அப்பப்போ தொவைச்சுப் போடு.

பஞ்சர் வருசத்துக்கு ரெண்டு தடவை வரும், ஆனா கடைக்கு கடை நிறுத்தி எறங்குறது தெனமும் நாப்பது தடவை. அதுல கொஞ்சம் நேரம் செலவழிக்கணும் நாம. நம்ம நாட்டுல டிரைவர் சீட் வலது பக்கம், அதனால நீ கதவைத் திறக்குறது ரோட்டைப் பாத்து. வலது கையால திறந்தா உடம்பு திரும்பாது, பின்னாடி பாக்காமலே கதவு போயிரும். இடது கையால திற. செஞ்சு பாரு, இடது கையைக் குறுக்க நீட்டுனாலே தோள் திரும்பும், தலை திரும்பும், கண்ணு தானா பின்னாடி போயிரும். ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிரும். பைக்குல வர்றவன் கதவுல மோதி விழுந்து அவன் மேல பின்னாடி வர்ற பஸ் ஏறுன கதை நம்ம பக்கமும் உண்டு, நீ அடிபடுறது மட்டும் இல்ல விஷயம்.

அடுத்தது பின்கதவு. பார்சல் எடுக்கும்போது பின்கதவைக் கீழ தொங்கவிட்டா நிறைய வண்டியில பின் லைட்டும் செவப்பு ரிஃப்ளெக்டரும் மறைஞ்சு போகும், அபாய லைட் போட்டிருக்கேன்னு நீ நினைச்சுக்கிட்டிருப்ப, பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணுமே தெரியாது. முடிஞ்ச அளவு இடது பக்க கதவைத் திறந்து எடு. அடுத்தடுத்து எறக்கப் போற பார்சலை காலையில லோடு ஏத்தும்போதே இடது ஓரமா அடுக்கிட்டேன்னா ரோட்டுப் பக்கமா போகவே வேண்டாம், இதுக்கு காலையில பத்து நிமிசம் கூட ஆகும், ஆனா நாள் பூரா மிச்சமாகும். பில்லு பாக்குறது, போன்ல ஓடிபி கேக்குறது, காசு எண்ணுறது, இதெல்லாம் கடைக்குள்ள போயி செய், வண்டி பின்னாடி நின்னு போனைப் பாக்குறவனுக்கு காதும் வேலை செய்யாது கண்ணும் வேலை செய்யாது.

கடை எதுத்தாப்புல இருக்குன்னு வலது ஓரமா ஏறி எதிர் தெசையில நிறுத்துறது ஆரியங்காவு பஜார்ல நானே பாத்திருக்கேன். ராத்திரி அப்படி நிறுத்திட்டு ஹெட்லைட் எரியவிட்டா எதுக்க வர்றவனுக்கு, ஒரு வண்டி அதுக்குரிய இடது பக்கத்துல ஓடி வருதுன்னு தோணும், உன் லைட்டுக்கு இடது பக்கமா ஒதுங்குவான், அங்கன ரோடே இருக்காது. கொஞ்சம் முன்னாடி போயி இடது பக்கமே நிறுத்திட்டு, ரெண்டு பக்கமும் பாத்து நடந்து போ. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 122ஆவது பிரிவுலயே வண்டியை மத்தவங்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி நிறுத்தக்கூடாதுன்னு இருக்கு, கேரளா பக்கம் இதுல கொஞ்சம் கறாராவே இருப்பாங்க.

கார்த்திகை, மார்கழியில இன்னும் கவனம். சபரிமலைக்குப் போற சாமிமார் வண்டி ராத்திரி பகல் இல்லாம போகும், வெளியூர் டிரைவர், ரெண்டு நாளா தூங்காதவன், இந்த வளைவு எதுவும் தெரியாதவன். அந்த சீசன்ல மலையில இருட்டுன பிறகு பஞ்சர்னா நீயா மாத்தாதன்னுதான் சொல்லுவேன், உருட்டி ஒரு கடை வாசல்ல விட்டுட்டு காலையில பாத்துக்கலாம்.

போன் விஷயம் ஒண்ணு. அங்கன டவர் கேரளா டவரா நம்ம டவரான்னு நமக்கே தெரியாது. 108 அடிச்சா நம்ம எல்லைக்குள்ள இருந்தாலும் அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூமுக்கு போயிரலாம், அதே மாதிரி மாறியும் ஆகலாம். எடுத்தவுடனே, தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், புளியரைக்கு மேல, இல்லன்னா கேரளா, கொல்லம் ஜில்லா, ஆரியங்காவு, அப்படின்னு மாநிலத்தை முதல்ல சொல்லு. பக்கத்துல கிலோமீட்டர் கல்லு இருந்தா அதுல இருக்கிற நம்பரைச் சொல்லு, தலையில மஞ்சள் அடிச்சிருக்கிறது நேஷனல் ஹைவேஸ் கல்லு. வேற எதுவும் கெடைக்கலன்னா 112. எல்லை தாண்டி நின்னா வர்ற வண்டிக்காரங்ககிட்ட "சேட்டா, வண்டி கேடாயி, பதுக்கே போகணே"ன்னு, அதாவது அண்ணே, வண்டி ரிப்பேர், மெதுவா போங்கன்னு கையைக் காட்டிச் சொல்லு, அந்த ஊர்க்காரங்க நிறுத்தி உதவி செய்வாங்க, நான் நிறைய பாத்திருக்கேன். உதவி செய்ய வர்றவங்க போலீஸ் கேஸுன்னு பயப்படவும் வேண்டியதில்ல, 2019ல சட்டத்தைத் திருத்தி 134ஏன்னு ஒரு பிரிவு கொண்டுவந்து நல்லெண்ணத்துல உதவுனவங்களுக்கு பாதுகாப்பு கொடுத்திருக்காங்க. நம்ம எல்லைக்குள்ள விபத்துன்னா இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அடிபட்டவன் எந்த மாநிலமா இருந்தாலும் சரி. அந்தப் பக்கம்னா 2025ல மத்திய அரசு கொண்டுவந்த பணமில்லா சிகிச்சை திட்டம் இருக்கு, ஏழு நாளைக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும். இதை உன் போன்ல ஒரு குறிப்பா வச்சுக்கோ.

இனி உன் ஓனர். அவரை நான் கெட்டவர்னு சொல்லல, அவருக்கும் டயர் விலை தெரியும், பார்ட்டி போன் பண்ணி கத்துறது தெரியும். ஆனா சம்பளத்துக்கு ஓட்டுறவன்கிட்ட, அவனோட கவனக்குறைவால சேதம் ஆச்சுன்னா மட்டும்தான், அதுவும் அவன்கிட்ட விளக்கம் கேட்டபிறகுதான் பிடிக்க முடியும்னு சம்பளச் சட்டத்துல இருக்கு. உயிரைக் காப்பாத்த ஆளு நடக்குற வேகத்துல உருட்டுனது கவனக்குறைவு ஆகாது. சண்டை போடாத. அவர் நிதானமா இருக்கிற நேரம் பாத்து, காலையில லோடு ஏத்தி முடிச்சு டீ குடிக்கும்போது சொல்லு, அண்ணாச்சி, அந்த வளைவுல அன்னைக்கு இப்படி ஆச்சு, நான் போயிருந்தா வண்டியும் கேஸுல போயி ஸ்டேஷன்ல நிக்கும், லோடும் நிக்கும், உங்களுக்கும் அலைச்சல், இனிமே மலையில பஞ்சர்னா கீழ வரைக்கும் உருட்டத்தான் செய்வேன், அந்த டிஸ்க் கணக்கு நீங்க பாத்துக்கோங்கன்னு சொல்லு. சொன்னதை அப்புறமா வாட்ஸ்அப்ல ரெண்டு வரியா போட்டு வச்சிரு. முக்கோணம், ஜாக்கெட், டார்ச், அண்டைக்கட்டை நாலும் வண்டிச் செலவுல வாங்கித் தரச் சொல்லு, அது வண்டிச் சாமான்தான். மத்த டிரைவர்மாரும் சேந்து சொன்னா அவருக்கும் கேக்குறதுக்கு லேசா இருக்கும். ஒத்துக்கவே மாட்டேன்னாருன்னா எங்கிட்ட சொல்லு, நான் அவர்கிட்ட பேசுதேன், தென்காசியில பார்சல் வண்டி வச்சிருக்கிறவங்க முக்காவாசி பேர் நம்ம பட்டறைக்கு வர்றவங்கதான்.

பேங்க்ல பிரதமர் விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு இருக்கு, வருசத்துக்கு 20 ரூபா, உன் அக்கவுண்ட்லருந்தே எடுத்துக்கிடுவாங்க, விபத்துல உயிர் போச்சுன்னா வீட்டுக்கு 2 லட்சம். இன்னைக்கே பேங்குக்குப் போயி அதுல சேந்துரு. ஆப்ல ஆர்டர் எடுத்து பைக்குல டெலிவரி பண்ணுத உன் கூட்டாளிங்க இருந்தா தமிழ்நாடு அரசு 2023ல அவங்களுக்குன்னு தனியா நலவாரியம் வச்சிருக்கு, பதிவு பண்ணிக்கிடச் சொல்லு.

கை நடுங்குறதைப் பத்தி எழுதியிருந்த. அது கோழைத்தனம் இல்ல தம்பி, உடம்பு ஞாபகம் வச்சிருக்கு. எனக்கும் அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு மாசம் ஜீப்புக்குப் பின்னாடி நிக்கவே முடியல. நான் பண்ணுனது என்னன்னா, பகல்ல, வண்டி இல்லாம, அந்த எடத்துக்கு நடந்து போயி ஓரத்துல நின்னு அரை மணி நேரம் வண்டி போறதைப் பாத்தேன், எந்த எடத்துல வர்றவன் கண்ணுக்கு நாம தெரியுதோம், எங்க தெரியலன்னு கணக்கு எடுத்தேன். நீயும் ஒரு கூட்டாளியைக் கூட்டிக்கிட்டு பைக்குல போ, வளைவுக்கு மேலயும் கீழயும் வண்டி ஒதுக்கத் தோதான எடம் எது எதுன்னு பாத்து வச்சுக்கோ. மலையேறி எறங்குற வழி பூரா இப்படி எடம் குறிச்சு வச்சுக்கலாம், செங்கோட்டையிலருந்து தென்மலை வரைக்கும் என் கணக்குல நிறைய எடம் இருக்கு, உனக்கு வரைஞ்சு தாரேன். நடுக்கம் நாலஞ்சு வாரத்துக்கு மேலயும் இருந்துச்சு, தூக்கம் போச்சுன்னா தென்காசி ஜி.ஹெச்ல டாக்டரைப் பாரு, கூச்சப்படாத. வீட்டுலயும் சொல்லிரு. அம்மா ஒரு நாள் அழுவாங்க, அப்புறம் தெனமும் கெளம்பும்போது ஜாக்கெட் எடுத்தியான்னு கேப்பாங்க, அதுக்கு மேல ஒரு காவல் உனக்கு நான் தர முடியாது.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பட்டறைக்கு வா, லோடு இல்லாம வண்டியோட வா. கைபிரேக் கேபிளைப் பாத்து டைட் பண்ணித் தாரேன், ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாப்போம், அண்டைக்கட்டை வச்சு ஒரு தடவை நீயே கழட்டி மாட்டு, நான் பக்கத்துல நிக்கேன். அந்தப் பழைய டிஸ்க்கையும் எடுத்துட்டு வா, வளைஞ்சிருக்கான்னு பாத்துருவோம்.